நிலவின்மேல் விழுந்த பழி

பொருள் குறியாத சொல் இல்லை என்பது தமிழிலக்கணத்தார் கொள்கை. ஆயினும் ஒரு சொல் இன்று குறிக்கும் பொருளும் அது பிறந்த நாளில் குறித்த பொருளும் பல வேளைகளில் ஒன்றாக இருப்பதில்லை. ஆற்றில் உருண்டு வரும் கல்லைப் போலச் சொல்லும் தன் முனைகளை வழியிலேயே இழந்துவிடுகிறது. கையில் எடுத்துப் புரட்டிப் பார்ப்பவர்க்கே அது எந்த மலையினின்றும் பெயர்ந்து வந்தது என்பது புலப்படும்.

அவ்வாறு புரட்டிப் பார்க்கத்தக்க சொற்களுள் ஒன்று, பித்தனைக் குறிக்கும் ‘லூனடிக்’ என்னும் ஆங்கிலச் சொல். நெடுங்காலம் மருத்துவர் நாவிலும் நீதிமன்ற ஏடுகளிலும் வழங்கிய அச்சொல் இன்று வசைச்சொல்லாகச் சுருங்கிவிட்டது. ஓர் ஆங்கிலச் சொல்லைப் பற்றித் தமிழ்த்துறை மலரில் எழுதுவானேன் என்று சிலர் வினவலாம். அச்சொல்லைத் தலைப்பில் தாங்கிய சட்டங்கள் 1858 முதல் 1993 வரை நம் நாட்டில் நடைமுறையில் இருந்தன. அதன் நேர் மொழிபெயர்ப்பு ஒன்று தமிழிலும் வழங்கி வருகிறது. இவ்விரண்டும் தக்க விடைகளே. மூன்றாவதாக ஒரு விடையும் உண்டு. அது எம் குடும்பத்தைச் சார்ந்தது. அதனை உரிய இடத்தில் கூறுவோம்.

இலத்தீனில் நிலா

இலத்தீன் மொழியில் நிலவுக்கு ‘லூனா’ என்று பெயர். ‘ஒளிர்வது’ என்பதே அதன் வேர்ப்பொருள். ஒளியைக் குறிக்கும் ‘லூக்ஸ்’, ‘லூமென்’ என்னும் இலத்தீன் சொற்களும், ஆங்கிலத்து ‘லைட்’டும், வடமொழியில் ஒளி எனப் பொருள்படும் ‘ருசி’யும் அதே வேரினின்றும் கிளைத்தவை என்பர் மொழிநூலார். லூனா என்பதனோடு விகுதி சேர்ந்து ‘லூனாடிகுஸ்’ என்றாயிற்று. நிலவால் பற்றப்பட்டவன் என்பது அதன் பொருள். அச்சொல் பழைய பிரெஞ்சு மொழியின் வழியாக, ஏறத்தாழ 1300-ஆம் ஆண்டளவில் ஆங்கிலத்துள் புகுந்தது.

இக்கருத்து இலத்தீனார்க்கு முன்பே கிரேக்கரிடம் இருந்தது. அவர்கள் நிலவைச் ‘செலீனி’ என்றனர். கிரேக்கத்தில் எழுதப்பெற்ற மத்தேயு நற்செய்தியில், தன் மகன் அடிக்கடி நெருப்பிலும் நீரிலும் விழுவதாக ஒரு தந்தை முறையிடும் இடம் ஒன்று உண்டு. அச்சிறுவனின் நோயைச் சுட்டுவதற்குச் செலீனியிலிருந்து பிறந்த வினைச்சொல்லே அங்கு ஆளப்பட்டுள்ளது. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் ஜெரோம் என்னும் துறவி அந்நூலை இலத்தீனில் செம்மைப்படுத்தித் தந்தபோது, அவ்விடத்தில் ‘லூனாடிகுஸ்’ அமைந்தது. 1611-இல் ஜேம்ஸ் மன்னர் காலத்தில் வெளிவந்த ஆங்கில விவிலியம் ‘லூனடிக்’ என்றது. தமிழில் பெயர்த்தவர்கள் ‘சந்திரரோகி’ என்றனர். கிறித்தவ நண்பர்கள் இல்லத்தில் உள்ள பழைய தமிழ் விவிலியத்தைத் திறந்தால் இச்சொல்லை இன்றும் காணலாம்.

அந்தச் சிறுவனுக்கு இருந்தது எந்த நோய்? திடுமென விழுதல், நெருப்பென்றும் நீரென்றும் அறியாமை, பின்னர்த் தெளிதல் ஆகிய குறிகளைப் பார்க்கும் எவரும் அது வலிப்பு நோய் என்பர். 1881-இல் வெளிவந்த திருத்திய ஆங்கிலப் பதிப்பும் நிலவை நீக்கிவிட்டு ‘வலிப்புடையவன்’ என்றே மொழிபெயர்த்தது. ஆகவே நிலவின் பெயரைத் தாங்கிய இச்சொல் முதலில் வலிப்பைச் சுட்டிப் பின்னரே பித்தைச் சுட்டியது என்று கொள்ள இடமுண்டு.

இவ்விரு நோய்க்கும் பொதுவாக உள்ளது ஒன்றே. அவை வரும், போகும், மீண்டும் வரும். நேற்று நம்மோடு அமர்ந்து உண்டவன் இன்று நம்மை அறியாதவனாகிறான். சில நாள் சென்றபின் ஒன்றும் நிகழாதவன் போல வந்து நிற்கிறான். இவ்வாறு தேய்ந்தும் வளர்ந்தும் மாறிக்கொண்டிருப்பது எது என்று தேடிய பண்டை மாந்தர், அண்ணாந்து பார்த்தபோது கண்டது நிலவை. கடல்நீர் நிலவுக்கேற்ப ஏறியிறங்குவதைக் கண்டவர்கள், உடலின் ஈரமும் அவ்வாறே ஏறியிறங்கும் என்று எண்ணினர். அமாவாசை நெருங்கினால் ‘அவனுக்குக் கூடிவிடும்’ என்று நம் தெருக்களில் சொல்லுவதும் இந்த எண்ணமே.

எல்லோரும் இதனை ஏற்றுக்கொண்டனர் என்று கருதுதல் கூடாது. கி.மு. 400-ஐ ஒட்டிய காலத்தைச் சார்ந்ததாகக் கருதப்படும் கிரேக்க மருத்துவ நூலொன்று, வலிப்பைப் ‘புனித நோய்’ என்று மக்கள் அழைப்பதை எடுத்துக்கொண்டு, அது பிற நோய்களைக் காட்டிலும் எவ்வகையிலும் புனிதமானதன்று என்றும், அதன் இருப்பிடம் மூளையே என்றும் கூறுகிறது. ஹிப்போகிரட்டீஸ் மரபினரின் நூல்களுள் ஒன்றாக அதனைப் போற்றுவர். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே மூளையைச் சுட்டிக்காட்டிய குரல் இருந்தும், மக்கள் வழக்கு நிலவைவிட்டு இறங்கவில்லை. ஷேக்ஸ்பியரின் ‘ஒத்தெல்லோ’ நாடகத்திலும், நிலா வழக்கத்தைவிடப் பூமியை நெருங்கி வந்து மாந்தரைப் பித்தராக்குகிறது என்றே தலைவன் நொந்துகொள்கிறான்.

பிற பெயர்கள்

பித்துக்குரிய பெயர்கள் பலவற்றிலும், அதன் காரணத்தை எங்கே தேடினர் என்பது பதிந்திருக்கிறது. ‘இன்சேன்’ என்பது ‘சானுஸ்’ என்னும் இலத்தீன் சொல்லின் எதிர்மறை. நலமில்லாதவன் என்னும் அளவோடு அது நின்றுவிடுகிறது. நோயின் மிகுதியில் பிதற்றுவதைக் குறிக்கும் ‘டெலிரியம்’ உழவர் தந்த சொல். இலத்தீனில் ‘லீரா’ என்றால் உழவுச்சால். ஏர் சாலைவிட்டு விலகி ஓடுவதைப் போல அறிவு விலகி ஓடுகிறது என்று அவ்வுழவர் கண்டனர். ஏர் விலகினால் மாட்டைத் திருப்பிச் சாலுக்குக் கொண்டுவரலாம் என்பதையும் அவர்கள் அறிந்தேயிருப்பர்.

நம் வழக்கிலுள்ள பித்து, பைத்தியம் ஆகிய இரண்டும் உடலின் பித்தநீரைக் காரணமாகக் கொண்டவை. கிரேக்கர் ‘கரும்பித்தம்’ என்னும் பொருளில் ‘மெலன்கோலியா’ என்றது இதனோடு ஒத்திருக்கக் காண்கிறோம். கிறுக்கு என்பது தலை கிறுகிறுத்துச் சுழல்வதனால் வந்தது. அரபு மொழியின் ‘மஜ்னூன்’ மறைத்தல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்தது. கண்ணுக்கு மறைந்திருப்பதனால் ‘ஜின்’; தாயின் வயிற்றில் மறைந்திருப்பதனால் கரு ‘ஜனீன்’; மரங்களால் மூடி மறைக்கப்பட்ட சோலை ‘ஜன்னத்’. அறிவு மூடப்பட்டவன் மஜ்னூன். மூடியது விலகினால் உள்ளே இருப்பது அப்படியே இருக்கும் என்னும் நம்பிக்கையும் அச்சொல்லில் பொதிந்துள்ளது.

பித்து என்னும் சொல்லை உயர்வாக ஆண்ட மரபும் நமக்குண்டு. சுந்தரர் தம் முதல் பதிகத்தில் இறைவனைப் பித்தன் என்றே விளிக்கிறார். இராமநாதபுரச் சீமையில் பிறந்த சுல்தான் அப்துல் காதிரை ‘மஸ்தான்’ என்று மக்கள் அழைத்தனர். இறைக்காதலில் தம்மை மறந்தவர் என்பது அதன் கருத்து. இயற்பெயரை மறந்து குணங்குடி மஸ்தான் சாகிபு என்றே இன்று அவரை நாம் போற்றுகிறோம். ஆயின் இவை அடியவர்க்கும் ஞானியர்க்கும் கிடைத்த பேறுகள். நோயுற்ற எளிய மனிதனுக்குத் தெருவில் கிடைத்தது கல்லெறியே.

இக்காலத்து மாணவர் நாவில் பயில்வன ‘லூசு’, ‘மெண்டல்’ என்னும் இரண்டு. முன்னது ஆங்கிலத்தில் திருகாணி கழன்ற பொறியை எண்ணிச் சொன்னது. பின்னது இலத்தீனில் மனத்தைக் குறிக்கும் ‘மென்ஸ்’ என்னும் சொல்லின் வழிவந்தது. வடமொழி ‘மனஸ்’ அதற்கு உடன்பிறப்பு. ஒருவனைப் பார்த்து ‘மெண்டல்’ என்று ஏசுவோர் ‘மனத்தைச் சார்ந்தவனே’ என்றுதான் அழைக்கின்றனர்! மனமில்லாத மனிதர் எவரும் இலர். ஆகையால் அந்த வசை ஏசுவோரையும் தப்பவிடுவதில்லை.

சட்டம் கண்ட தெளிவு

லூனடிக் என்னும் சொல்லின் வரலாற்றில் நம்மைப் பெரிதும் ஈர்த்தது அதன் சட்டவழிப் பயணமே. பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சார்ந்ததாகக் கருதப்படும் இங்கிலாந்துச் சட்ட ஆவணம் ஒன்று, மன்னனின் தனியுரிமைகளை இலத்தீனில் தொகுத்துரைக்கிறது. அறிவு குன்றியோரை அது இருவகையாகப் பிரிக்கிறது. பிறவியிலேயே அறிவு வளராதவர் ஒருவகையினர். அவர்தம் நிலத்தை மன்னன் தன் காவலில் வைத்து, அவர்க்கு வேண்டியதை அளித்து, வருவாயைத் தான் எடுத்துக்கொள்ளலாம். முன்பு அறிவும் நினைவும் பெற்றிருந்து பின்னர் இழந்தவர் மற்றொரு வகையினர். இவர்களைத்தான் பிற்கால நீதிநூலார் லூனடிக் என்றனர். இவர்தம் நிலத்தை மன்னன் பாழாகாமல் காக்க வேண்டும். அதன் வருவாயைக் கொண்டு இவரையும் இவர் குடும்பத்தையும் பேண வேண்டும். எஞ்சியதை இவர் தெளிவடையும் நாளில் ஒப்படைக்க வேண்டும். தனக்கென ஒரு காசும் எடுத்துக்கொள்ளலாகாது.

என்ன காரணம்? அவர் திரும்பி வருவார் என்பதே. அந்த ஆவணத்தில் ‘லூசிடா இன்டெர்வல்லா’ என்றொரு தொடர் உள்ளது. தெளிவான இடைவெளிகள் என்று அதனைத் தமிழாக்கலாம். ‘இன்டெர்வல்லும்’ என்பது முதலில் போர்ச்சொல். இரண்டு அரண்களுக்கு நடுவே உள்ள திறந்த வெளி. ‘லூசிடா’ என்பது ஒளியுடையது. முன்னர்க் கூறிய ‘லூக்ஸ்’ என்னும் சொல்லின் வழிவந்தது அது. எனவே நோய்க்குப் பெயர் தந்த லூனாவும் தெளிவுக்குப் பெயர் தந்த லூசிடாவும் ஒரே வேரின் இரு கிளைகள். பித்தனின் பெயரிலும் அவனது தெளிவின் பெயரிலும் ஒரே ஒளி இருப்பதை அறிந்தபோது நாம் அடைந்த வியப்பு சிறிதன்று.

1765-இல் வெளிவரத் தொடங்கிய பிளாக்ஸ்டனின் புகழ்பெற்ற சட்ட விளக்கவுரையும் இதனையே பேணியது. நோயாலோ துயராலோ அறிவை இழந்தவன், இடையிடையே தெளிவு பெறுபவன், அத்தெளிவு பெரும்பாலும் நிலவின் மாற்றத்தைப் பொறுத்தது என்பது அவர் தரும் இலக்கணம். நிலவைப் பற்றிய பகுதி பிழை. தெளிவைப் பற்றிய பகுதியோ பேரறம்.

காப்பிடம் சிறையானது

‘அசைலம்’ என்னும் சொல்லும் இத்தகையதே. கிரேக்கத்தில் பிறந்து இலத்தீன் வழியாக வந்த அதன் பொருள், எவரும் புகுந்து பற்றிச் செல்லலாகாத புகலிடம் என்பது. ‘லூனடிக் அசைலம்’ என்றால் நிலவு பற்றியவனை வேறெவரும் பற்றாமல் காக்கும் இடம் என்று பொருள்கொள்ள வேண்டும். நடந்தது வேறு. இலண்டனில் 1247-இல் பெத்லகேம் பெயரால் நிறுவப்பெற்ற துறவியர் இல்லம் பிற்காலத்தில் பித்தர் மருத்துவமனையாயிற்று. அங்கு நோயாளர் சங்கிலியில் கிடந்தனர். பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் மக்கள் காசு கொடுத்து அவர்களை வேடிக்கை பார்த்தனர். அவ்விடத்தின் பெயர் ‘பெட்லம்’ எனத் திரிந்து, இரைச்சலையும் குழப்பத்தையும் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாகவே நிலைத்துவிட்டது. 1796-இல் யார்க் நகரில் வில்லியம் டியூக் என்னும் வணிகர் புதியதோர் இல்லத்தைத் திறந்தபோது, அசைலம் என்னும் பெயரை விலக்கி, ஓய்விடம் என்னும் பொருளில் ‘ரிட்ரீட்’ என்று பெயரிட்டார். அங்கு நோயாளரை மனிதராக மதித்துப் பேசினர். தோட்ட வேலை தந்தனர்.

சென்னையிலும் இதே வரலாறு நிகழ்ந்தது. 1794-இல் வாலண்டைன் கொனொலி என்னும் மருத்துவர் இங்கே பித்தர்க்கெனத் தனியில்லம் ஒன்றைத் தொடங்கினார். 1871-இல் கீழ்ப்பாக்கத்தில் அரசின் ‘லூனடிக் அசைலம்’ திறக்கப்பட்டது. 1922-இல் அது மனநோய் மருத்துவமனை எனப் பெயர் மாற்றம் பெற்றது. ஆயினும் ‘கீழ்ப்பாக்கம்’ என்னும் ஊர்ப்பெயர் நம் பேச்சிலும் திரைப்படங்களிலும் ஏளனச் சொல்லாக நிலைத்தது. இலண்டனுக்கு ஒரு பெட்லம்; நமக்கு ஒரு கீழ்ப்பாக்கம்.

சட்டமும் தேய்ந்தது. 1858-இல் பித்தர் தொடர்பாக மூன்று சட்டங்கள் இந்தியாவில் இயற்றப்பட்டன. அவற்றின் பின் வந்த 1912-ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம், பிறவியில் அறிவு வளராதவனும் மனநிலை திரிந்தவனும் லூனடிக்கே என்று வரையறுத்தது. ஆறு நூற்றாண்டுகள் வேறுபடுத்திக் காத்த இருவகையும் ஒரே சொல்லுக்குள் அடைக்கப்பட்டன. தேய்வதும் வளர்வதும் என்னும் பொருள் போயிற்று. வெறும் பெயர் எஞ்சிற்று. சொல் தன் நல்ல பொருளை இழந்து தீய பொருளை மட்டும் சுமந்தது இவ்வாறுதான். இங்கிலாந்து 1930-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அச்சொல்லை ஒதுக்கத் தொடங்கியது. நம் நாட்டில் 1987-இல் இயற்றப்பட்டு 1993-இல் நடைமுறைக்கு வந்த மனநலச் சட்டம் அதனை அகற்றியது. அமெரிக்க ஒன்றிய அரசின் சட்டங்களிலிருந்து 2012-இல்தான் அது நீக்கப்பட்டது.

எம் இல்லத்தில் ஒரு தெளிவு

எம் அத்தாவின் இளவலை நாம் சின்னத்தா என்று அழைப்போம். அவர் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கெழுதி வந்தார். முத்துப்போன்ற எழுத்து, கூட்டலில் பிழையே வராது. அவருக்கு முப்பது வயதளவில் நோய் கண்டது. மாதக்கணக்கில் நன்றாக இருப்பார். பின்னர் இரவெல்லாம் உறங்காமல் தெருவில் நடப்பார்; தம்மைக் கொல்ல ஆள் வருவதாகக் கூறுவார். தெருப் பிள்ளைகள் ஒரு பெயர் வைத்து அவரை அழைத்தனர். அப்பெயரை இங்கே எழுத மனம் ஒப்பவில்லை. எம் நன்னி மட்டும் அவரைப் பற்றிக் கேட்போர்க்கெல்லாம், ‘இன்னிக்கு அவனுக்கு உடம்பு சரியில்லை’ என்றே விடை கூறுவார். ‘இன்னிக்கு’ என்பதை அவர் ஒருநாளும் விட்டதில்லை.

நாம் பள்ளியில் பயின்றுகொண்டிருந்த காலத்தில் குடும்பச் சொத்தைப் பங்கிட வேண்டியதாயிற்று. வீடும் கடைத்தெருவில் இரண்டு சிறு கடைகளும்தாம் சொத்து. பெரியவர்கள் கூடியிருந்தனர். அவர்களுள் ஒருவர், ‘புத்தி நிலையில்லாதவனுக்குத் தனிப் பங்கு எதற்கு? அண்ணன்மார் கஞ்சி ஊற்றுவார்கள். எழுதி வாங்கிவிடலாம்’ என்றார். அவர் கெடுமனம் படைத்தவரல்லர். உலக வழக்கைத்தான் சொன்னார். கதவின் பின்னிருந்து நன்னியின் குரல் வந்தது. ‘இன்னிக்கு அவனுக்குச் சரியில்லே. நாளைக்குச் சரியாகி வந்து, என் பங்கு எங்கேன்னு கேட்டா, உங்கள்லே யாரு பதில் சொல்றது?’

அவையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பின்னர் எம் அத்தாவே பேசினார். ஒரு கடை சின்னத்தாவின் பெயரில் நின்றது. அதன் வாடகை மாதந்தோறும் அஞ்சலகச் சேமிப்பில் அவர் பெயரிலேயே சேர்ந்தது; மருந்துச் செலவு அதிலிருந்தே நடந்தது. அரசு மருத்துவமனையின் மனநோய்ப் பிரிவில் கொடுத்த மாத்திரைகளை நன்னி எண்ணி எண்ணிக் கொடுப்பார். இரண்டாண்டு கழித்து நீண்டதொரு தெளிவு வந்தது. அப்போது சின்னத்தா கேட்டது அந்தச் சேமிப்புப் புத்தகத்தை. ஒரு மாலை முழுவதும் அதனை வைத்துக்கொண்டு கூட்டிப் பார்த்தவர், வட்டியில் 11 ரூபாய் குறைகிறது என்றார். மறுநாள் அஞ்சலகம் சென்று அதனைச் சரிசெய்துகொண்டு வந்தார். அன்று நன்னி அழுததையும் சிரித்ததையும் நாம் ஒருசேரக் கண்டோம்.

நன்னிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இங்கிலாந்து மன்னனின் ஆவணத்தை அவர் அறிந்திருக்க வழியில்லை. உறங்குபவன் விழிக்கும்வரை, சிறுவன் பருவமடையும்வரை, பித்தன் தெளியும்வரை அவர்தம் செயலை எழுதும் எழுதுகோல் உயர்த்தப்பட்டுள்ளது என்னும் நபிமொழியை ஓதக் கேட்டிருப்பார். அதிலும் ‘தெளியும்வரை’ என்றொரு சொல் இருக்கிறது. அறிவிழந்தவனை மீண்டு வருபவனாகக் கருதும் அறம் ஒரு நாட்டுக்கோ ஒரு மொழிக்கோ உரிய தனிச்சொத்தன்று.

சங்கிலியும் சட்டமும்

இவ்வறம் தவறினால் என்ன நேரும் என்பதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் விடியற்காலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளரை வைத்திருந்த தனியார் கொட்டகை ஒன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தமையால் தப்பியோட இயலாமல் 28 பேர் மாண்டனர். உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து அதனை வழக்காக எடுத்துக்கொண்டது. வேண்டுதலை நாடி வந்தோர் மருந்தையும் பெறவேண்டும் என்னும் நோக்கத்தோடு, ‘தவா – துவா’ என்னும் பெயரில் மருத்துவ உதவி பின்னாளில் அங்கே தொடங்கப்பட்டது. மருந்தும் துஆவும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதை நம் பெரியவர்கள் ஊரறியச் சொல்ல வேண்டும்.

நிலவைப் பற்றிய ஐயமும் இக்காலத்தில் தீர்ந்துவிட்டது. 1985-இல் ராட்டன், கெல்லி என்னும் இரு ஆய்வாளர் 37 ஆய்வுகளை ஒருங்கு வைத்து நோக்கி, நிலவின் நிலைக்கும் மனப்பிறழ்வுக்கும் பொருட்படுத்தத்தக்க தொடர்பு இல்லை என்று காட்டினர். முழுநிலவுக்கு முந்தைய சில இரவுகளில் மக்கள் சற்றுத் தாமதமாகவும் குறைவாகவும் உறங்குகின்றனர் என்று 2021-இல் வெளிவந்த ஆய்வொன்று கூறுகிறது. உறக்கக் குறைவு சிலவகை மனநோய்களைத் தூண்டவல்லது. மின்விளக்கில்லாத பழங்காலத்தில் நிலவொளி பலருடைய உறக்கத்தைக் கெடுத்திருக்கலாம். அதற்குமேல் நிலவின்மீது குற்றம் சாற்ற ஒன்றுமில்லை. பிறை பார்த்து மாதம் தொடங்கும் நமக்கு நிலா காலங்காட்டி. அதன்மேல் பழி சுமத்துவது நமக்கு அழகன்று.

2017-இல் இயற்றப்பட்டு 2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளரை எவ்வகையிலும் சங்கிலியில் பிணிக்கலாகாது என்று தடைசெய்கிறது. தமக்கு நோய் முற்றும் காலத்தில் எவ்வகை மருத்துவம் வேண்டும், எது வேண்டா, தம் சார்பில் முடிவெடுக்க வேண்டியவர் யார் என்பவற்றைத் தெளிந்திருக்கும்போதே எழுதிவைக்கும் உரிமையையும் அது தருகிறது. ‘லூசிடா இன்டெர்வல்லா’ என்று இலத்தீன் ஆவணம் குறித்த அந்தத் தெளிவான வெளி, எழுநூறு ஆண்டுகள் கழித்து நம் நாட்டுச் சட்டத்தில் நோயாளியின் கையெழுத்தாக வடிவம் பெற்றுள்ளது. சொல் மறைந்தது, அதனுள் இருந்த ஒளி மீண்டது.

மாணவச் செல்வங்களுக்கு ஒன்று கூறுவோம். பிறர் நோயை வசையாக வழங்கும் சொற்களை நாவிலிருந்து நீக்குங்கள். உங்களோடு ஒரே விடுதி அறையில் தங்கியிருக்கும் நண்பன் பல நாள் உறங்காதிருந்தால், பேச்சைக் குறைத்து ஒதுங்கினால், அவனுக்குப் பெயர் வைக்காமல் அவனை ஆசிரியரிடமோ மருத்துவரிடமோ அழைத்துச் செல்லுங்கள்.

பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். சொத்துப் பங்கீடோ திருமணப் பேச்சோ நடக்கும் அவைகளில், நோயுற்ற ஒருவரின் பெயர் வரும்போது அவர் அங்கு இல்லாதிருக்கலாம். இருந்தும் பேசும் நிலையில் இல்லாதிருக்கலாம். அவர் தெளிந்து வந்து கணக்குக் கேட்பார் என்று எண்ணியே அவர் பங்கைப் பேசுங்கள்; அவர் பெயரையும் எழுதுங்கள்.